ஜூசா கரையிறங்கிய நாள்

உல்லாசக் கப்பலில் வருகிறவர்களை ஜெம்மாவுக்குத் தோளை வைத்துத்தான் தெரியும். முகத்தை அவள் பார்ப்பதில்லை. மால்டாத் தீவின் வலெட்டாவில், மேட்டுத் தெரு மாதா கோவில் வாசலில் ஒரு மடக்கு நாற்காலியும் சால்வைக் கூடையும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. கையில்லாத சட்டை போட்டு வரும் பெண்களை நிறுத்தி, ஒரு பச்சைச் சால்வையை உதறித் தோளில் போர்த்தி உள்ளே அனுப்ப வேண்டும். வெளியே வரும்போது திரும்ப வாங்கி மடித்துக் கூடையில் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். வெயிலில் வெந்து சிவந்த தோள், எண்ணெய் மினுக்கும் தோள், பச்சை குத்திய தோள் என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. காலையில் வந்து சாயந்தரம் போகிறவர்களின் முகத்தை மனதில் வைத்து என்ன ஆகப்போகிறது என்பது அவள் கட்சி.

அன்றைக்குக் கோவில்பிள்ளை வென்சு கதவைத் திறந்துகொண்டே சொன்னான்: "இன்னைக்கு ரெண்டு கப்பலாம், ஜெம்மா. உன் சால்வை பத்தாது. பீடத்துத் துணியையும் எடுத்துத் தரட்டுமா?"

வேறு நாளாக இருந்தால், "உன் வாயைக் கட்டறதுக்கு ஒண்ணு மிச்சம் வெச்சிருக்கேன், கவலைப்படாத" என்றிருப்பாள். அன்றைக்கு அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பண்டிகைக்குப் போடுகிற நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, காதில் தோடுகூட மாட்டியிருந்தாள். வென்சு அதைப் பார்த்தான். கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெழுகுவர்த்தி அடுக்கப் போய்விட்டான்.

போன மாதம் ஒரு பிற்பகல், கோவில் தொலைபேசி அடித்தது. பங்குச் சாமியார் டுன் ஆல்விஷ் எடுத்துக் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து, "ஆஸ்திரேலியாவிலேருந்தாம். உன்னைத்தான் கேக்கறாங்க" என்றார். ஆஸ்திரேலியாவில் உறவுக்காரர் இல்லாத வீடு இந்தத் தீவில் இல்லை. ஆனால் ஜெம்மாவிடம் அங்கிருந்து அதுவரை யாரும் பேசியதில்லை.

"ஜெம்மாதான் பேசறேன்."

"நான் ஜூசா" என்றது ஒரு கிழக் குரல். கொஞ்சம் பொறுத்து, "பாவ்லுவோட ஜூசா" என்றது.

ஜெம்மா திருவுடைகள் வைக்கும் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். பாவ்லு அவள் அப்பா. இறந்து வருஷங்களாயிற்று. அவருக்கு ஒரு ஜூசா இருந்தாள் என்பதை அந்தத் தெருவில் யாரும் அவள் காதுபட அப்படிச் சேர்த்துச் சொன்னதில்லை.

"சொல்லுங்க" என்றாள் ஜெம்மா.

அம்மாவை "நீங்க" என்று கூப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் இருந்ததில்லை. அது தானாக வந்தது.

ஜூசா போனது ஜெம்மாவின் ஆறாவது வயதில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு கோடைக்காலம். ஜூசாவுக்கு அப்போது இருபத்தைந்து. பாவ்லுவுக்குத் துறைமுகத்தின் அக்கரையில் கப்பல் பட்டறையில் கொதிகலன் வேலை. விடிவதற்குமுன் படகேறிப் போய், கரியும் புகையுமாகத் திரும்பி வந்து, சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆளும் இல்லை. பேசுகிற ஆளும் இல்லை. வீட்டின் சாவியும் சட்டமும் அவருடைய அக்கா சென்சாவின் இடுப்பில் இருந்தன. கல்யாணமாகாத சென்சா, தம்பி பெண்டாட்டி எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றுகிறாள் என்பதையும் எத்தனை முறை மாடத்துக்குப் போய்த் தெருவைப் பார்க்கிறாள் என்பதையும் கணக்கு வைத்திருந்தாள். ஜூசா கோட்டைக்குள் ஆங்கிலேயக் கடற்படைக்காரர்களுக்குத் துணி வெளுக்கும் இடத்தில் வேலைக்குப் போனாள். அங்கே ஆல்பர்ட் என்று ஒரு சமையற்காரன். ஒரு நாள் மத்தியானம், ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும் வேளையில் அவள் அவனோடு போய்விட்டாள். முதலில் இங்கிலாந்துக்குப் போனார்கள், அங்கிருந்து மெல்போர்ன் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

ஊர் வாயை உலைமூடி கொண்டு மூட முடியுமா? பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேட்பாள்: "உங்கம்மா ரொட்டி வாங்கப் போனாங்களாமே, வரிசை ரொம்ப நீளமோ?" மற்றவர்கள் சிரிப்பார்கள். ஜெம்மா வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னால், அத்தை அவள் தலையைப் பிடித்து இழுத்து இறுக்கமாகப் பின்னிவிடுவாள். அதுதான் சென்சாவுக்குத் தெரிந்த ஆறுதல். பாவ்லு பெண்டாட்டி பேரை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. இந்தத் தீவில் விவாகரத்துச் சட்டம் வந்ததே சமீபத்தில்தான். பாவ்லு சாகும்வரை சட்டப்படி ஒருத்திக்குப் புருஷன். அந்த ஒருத்தி வேறொருவனுக்குக் காலை உணவு செய்து போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெம்மாவுக்கும் ஒரு சம்பந்தம் வந்தது. நார்டு என்று பஸ் ஓட்டுகிறவன். நல்ல மாதிரி. மோதிரம் மாற்றுவதற்கு நாள் குறிக்கும்போது அவனுடைய அம்மா, "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. நாளைக்கு என் பையன் வேலைக்குப் போயிட்டு வந்து காலி வீட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். நார்டு தலையைக் குனிந்துகொண்டான். அதோடு முடிந்தது. ஜெம்மா உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைக்குப் போனாள். அது மூடின பிறகு கோவில் வாசலுக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், அத்தையைப் பார்த்துக்கொண்டாள், இரண்டு பேரையும் அடக்கம் செய்தாள். அந்த வீட்டில் இப்போது தனியாக இருக்கிறாள்.

தொலைபேசியில் ஜூசா ஒப்பிப்பதுபோல் சொன்னாள். ஆல்பர்ட் செத்துப்போய்விட்டான். மகள் லினெட் அவளைக் கப்பல் பயணத்துக்கு அழைத்து வருகிறாள். கப்பல் ஒரு பகல் வலெட்டாவில் நிற்கும்.

"அவளுக்கு உன்னைத் தெரியாது" என்றாள் ஜூசா. "யாரையும் தெரியாது. எனக்கு அங்க ஒருத்தரும் இல்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். பழைய பக்கத்து வீட்டுக்காரி மக ஒருத்தி இருக்கா, கோவில்ல வேலை பார்க்கறா, அவ நமக்கு ஊரைக் காட்டுவான்னு மட்டும் சொல்லியிருக்கேன். அவ முன்னால என்னை அத்தைன்னு கூப்பிடு, போதும்."

"அத்தைன்னு நான் ஒருத்தரைத்தான் கூப்பிட்டிருக்கேன்" என்றாள் ஜெம்மா. "அவங்கதான் என்னை வளர்த்தாங்க."

"ஒரே ஒரு தடவை உன்னைப் பார்க்கணும்டீ" என்றாள் ஜூசா.

ஜெம்மா வாவென்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "காலைல கோவில் வாசல்ல இருப்பேன். எல்லாரும் அந்த வழியாத்தான் வருவாங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்று அவர்கள் வந்தபோது ஜெம்மா வழக்கம்போல் முதலில் தோளைத்தான் பார்த்தாள். புள்ளிபுள்ளியாக வெயில் மச்சம் விழுந்த, அகலமான தோள். சால்வையைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தால், எதிரே அவளுடைய சொந்த மோவாய். நடுவில் பள்ளம் விழுந்த அதே மோவாய், வேறொருத்தி முகத்தில், கலகலவென்று சிரித்துக்கொண்டு.

"நீங்கதான் ஜெம்மாவா? நான் லினெட். அம்மா நேத்து ராத்திரியெல்லாம் தூங்கவே இல்லை" என்றாள் அவள் ஆங்கிலத்தில்.

அவளுக்குப் பின்னால் ஒரு கிழவி கைத்தடி ஊன்றி நின்றாள். வெள்ளைத் தொப்பி, பெரிய கறுப்புக் கண்ணாடி, மார்பில் கப்பல்காரர்கள் ஒட்டிவிட்ட எண் போட்ட வட்டச் சீட்டு. ஜெம்மாவின் நினைவில் இருந்தவள் உயரமானவள். இவள் தோளுக்குத்தான் இருந்தாள். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக்கொண்டார்கள். அது ஊர் வழக்கம். கல்யாண வீட்டிலும் அதுதான், சாவு வீட்டிலும் அதுதான். முத்தமிடும்போதே ஜூசா மால்டா மொழியில் காதோரமாகச் சொன்னாள்: "சிரிச்ச மாதிரி இரு. அவ பார்த்துக்கிட்டிருக்கா."

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு தாய் மகளிடம் நேருக்கு நேர் சொன்ன முதல் பேச்சு அது. ஜெம்மா சிரித்தாள்.

ஜூசாவின் மொழி அறுபதுகளிலேயே நின்றுபோயிருந்தது. இன்றைக்குக் கிழடுகள்கூடச் சொல்லாத சொல்லெல்லாம் அவள் வாயில் வந்தது. கூடையை வென்சுவிடம் விட்டுவிட்டு ஜெம்மா கூட்டிப்போன டீக்கடையில், கடைக்காரன் அவள் கேட்டதைக் கேட்டுச் சிரித்து, "எந்த அருங்காட்சியகத்திலேருந்து இந்தப் பாட்டியைப் பிடிச்சுட்டு வந்தீங்க?" என்றான். லினெட்டுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். கண்ணாடித் தம்ளரில் கெட்டிப்பால் டீ வந்தது. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பஸ்தித்ஸிப் பலகாரத்தைக் கையில் வாங்கியதும் ஜூசா அதன் மொறுமொறுப்பான மூக்கை முதலில் ஒடித்து, தன் வாயில் போடாமல் லினெட் தட்டில் வைத்தாள். ஐம்பதை நெருங்கும் மகள் அதைப் பார்க்காமலே எடுத்துத் தின்றாள். அது அவர்களுக்கு அன்றாடப் பழக்கம் என்பது தெரிந்தது. ஜெம்மா தன் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

ஜூசா பிறந்த வீட்டுக்குப் போனார்கள். அது இப்போது விடுதி. வாசலில் எலுமிச்சைத் தொட்டி, கதவில் எண் பூட்டு. லினெட் அம்மாவை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். "ரெண்டு பேரும் நில்லுங்களேன்" என்றாள். நின்றார்கள்.

"மெலிஞ்சிருக்க" என்றாள் ஜூசா, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே மால்டா மொழியில். "சமைச்சுச் சாப்பிடறியா இல்லையா?"

"ஐம்பது வருஷம் கழிச்சு இதைக் கேக்கத்தான் கப்பலேறி வந்தீங்களா?" என்றாள் ஜெம்மாவும் சிரித்தபடியே.

"பாவ்லு கஷ்டப்பட்டாரா, கடைசில?"

"நெஞ்சு அடைச்சுப் போச்சு. படுக்க முடியாது. உட்கார்ந்த வாக்குலயே ஒரு வருஷம் இருந்தார்."

"என்னைப் பத்தி..."

"இல்ல."

படம் எடுத்து முடித்த லினெட் ஓடி வந்தாள். "என்ன சொல்றாங்க?"

"கல்லெல்லாம் பழைய நிறம் போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்றாள் ஜெம்மா.

நடுப்பகலுக்குக் கோட்டையில் பீரங்கி வெடித்தது. தினமும் வெடிப்பதுதான். லினெட் துள்ளிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பீரங்கிதான் கண்ணு, ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன்ல" என்று ஜூசா ஆங்கிலத்தில் அவள் முதுகைத் தடவினாள். பிறகுதான் ஜெம்மா பக்கம் திரும்பினாள். ஜெம்மா அதற்குள் கடைக் கண்ணாடியில் எதையோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குக் கழிப்பறை போக வேண்டும் என்றாள் லினெட். கடைகளில் எல்லாம் கப்பல்காரர் கூட்டம். "பக்கத்துலயே உங்க வீடுன்னு சொன்னீங்களே, தொந்தரவு இல்லன்னா..." ஜெம்மா ஜூசாவைப் பார்த்தாள். ஜூசா தரையைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக ஜெம்மா நினைத்திருக்கவில்லை. முடியாது என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

உள்ளே நுழைந்ததும் வளைந்து ஏறும் கல் படிக்கட்டு. அதில் ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரம். கட்டினவன் செய்த தப்பு. தெரியாதவர்கள் எல்லோரும் அங்கே தடுக்குவார்கள். லினெட் தடுக்கிச் சுவரைப் பிடித்தாள். பின்னால் வந்த ஜூசா, இருட்டில், பேசிக்கொண்டே, அந்த இடத்தில் காலைச் சரியாகத் தூக்கி வைத்து ஏறிவந்தாள்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?" என்றாள் லினெட் வியப்பாக.

"இந்தத் தெருவுல எல்லா வீட்டுப் படியும் இப்படித்தான்" என்றாள் ஜூசா. இமைக்கக்கூட இல்லை. எவ்வளவு பழகிய வாய் என்று நினைத்துக்கொண்டாள் ஜெம்மா.

ஜூசா கழிப்பறைக்குப் போனதும் லினெட் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும். அம்மா சின்ன வயசுலயே அநாதையாகி ஆசிரமத்துல வளர்ந்தவங்க, தெரியும்ல? யாரும் இல்லாத ஊருக்கு எதுக்கு வரணும்னு இத்தனை வருஷமா மறுத்துட்டாங்க. அப்பா போனப்புறம்தான் மனசு மாறிச்சு. எனக்கும் கூடப்பிறந்தவங்க கிடையாது. சின்ன வயசுல ஒரு அக்கா வேணும்னு அழுவேனாம்." சிரித்தாள். "ஆனா அந்தக் குறை தெரியாம வளர்த்தாங்க. என் பள்ளிக்கூட வாசல்ல தினமும் நிப்பாங்க. நான் பெரிய பொண்ணா ஆனப்புறமும் நிப்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கும். ஒரு தடவை பஸ்ஸைத் தவற விட்டு லேட்டா வந்தேன். போலீசுக்கே போயிட்டாங்க. அப்படி ஒரு பயம் அவங்களுக்கு, என்னைத் தொலைச்சிடுவோமோன்னு."

ஜெம்மா ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"உங்க அம்மா?" என்று கேட்டாள் லினெட்.

"எனக்கு ஆறு வயசு இருக்கும்போது போயிட்டாங்க."

லினெட் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நல்லவள்தான். அவள் மேல் வெயிலுக்குப் பூசும் களிம்பு வாசனை அடித்தது. ஜெம்மாவின் கை கொஞ்ச நேரம் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கிவிட்டு, பிறகு அந்த அகலமான முதுகைத் தொட்டது. கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த ஜூசா, தன் பெண்கள் இரண்டு பேரும் அணைத்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

லினெட் கீழே தெருவைப் படம் பிடிக்கப் போனாள். பச்சை வண்ணம் அடித்த மரக்கூண்டு மாடத்தில் தாயும் மகளும் நின்றார்கள். கீழே லினெட் கையாட்டினாள். இரண்டு பேரும் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றாள் ஜூசா.

"இல்ல."

"நீ நல்ல பொண்ணு."

"அதைச் சொல்ல நீ யாரு?"

காலையிலிருந்து "நீங்க" என்று வந்த வாய், அந்த இடத்தில் "நீ" என்றது. அதைக் கேட்டதும் ஜூசாவின் முகம் மலர்ந்தது. அவள் அதை மகளின் உரிமைப் பேச்சாக எடுத்துக்கொண்டாள்.

"திட்டு. நல்லாத் திட்டு" என்றாள். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டிச்சு. உங்க அப்பா என்கிட்ட ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினது இல்ல. சென்சா என் கைக்குட்டை முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்ப்பா. நான் செத்திருப்பேன்."

"போனதைக் கேக்கலை. போறவங்க போகத்தான் செய்வாங்க. என்னை ஏன் விட்டுட்டுப் போன?"

"கூட்டிட்டுப் போகணும்னுதான் அந்த ரூமுக்கு வந்தேன். மாதா மேல சத்தியம். வாசல்ல நின்னு பார்த்தேன். நீ அசந்து தூங்கற. வாயில விரல் வெச்சுக்கிட்டு. எழுப்ப மனசு வரலை. ஆல்பர்ட் கீழ காத்துக்கிட்டிருந்தாரு." ஜூசா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "நீ மட்டும் ஒரு தடவை கண்ணைத் திறந்து அம்மான்னு கூப்பிட்டிருந்தா, என் கால் அந்த வாசலைத் தாண்டியிருக்காது. இத்தனை வருஷமா அதையேதான் நினைச்சுக்கிறேன்."

ஜெம்மா மாடத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அன்றைக்குத் தூங்கவில்லை. மத்தியானத்தில் விழித்திருந்தால் சென்சா அத்தை தொடையில் கிள்ளுவாள். அதனால் காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடி, விரலை வாயில் வைத்துக்கொண்டு கிடந்தாள். வந்தது அத்தை இல்லை, அம்மா என்பது துணிப் பெட்டியில் போடும் வாசனைச் செடியின் மணத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மா வெகுநேரம் நின்றாள். ஜெம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தான் எவ்வளவு நன்றாகத் தூங்குகிற மாதிரி நடிக்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. பிறகு படியில் காலடி இறங்கியது. இதை அவள் அப்பாவிடம் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. கண்ணைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சின்ன வயதில் அழுதிருக்கிறாள். வயது வந்தபின், போகிறவள் எப்படியும் போயிருப்பாள், குழந்தை என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தேறுதல் ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் ஜெம்மா.

"என்ன?"

"தூங்கலை. நீ வந்தது தெரியும். நின்னது தெரியும். போனதும் தெரியும்."

கட்டையில் இருந்த ஜெம்மாவின் கையைப் பிடிக்க வந்த ஜூசாவின் கை பாதியில் நின்றது. அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். 'நீ கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்' என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அன்று காலையிலிருந்து அத்தனை பொய் சொன்னவள், அந்த ஒன்றைச் சொல்லவில்லை.

படியில் லினெட் ஏறி வந்தாள். மறுபடி அதே இடத்தில் தடுக்கினாள். "ரெண்டு பேரும் ரொம்ப முக்கியமா என்னவோ பேசறீங்க. எனக்கும் சொல்லுங்க."

ஜூசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினாள். குரல் நன்றாகவே இருந்தது. "அந்தக் காலத்துல இங்க மத்தியானம் எல்லாரும் தூங்குவோம். அதைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"ஓ, அந்தத் தூக்கம்" என்று லினெட் ஜெம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "என்னையும் தூங்க வைப்பாங்க. நான் கண்ணை மூடற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. எப்ப முழிச்சாலும் அதே நாற்காலியில அதே மாதிரி உட்கார்ந்திருப்பாங்க. எழுந்தே போகமாட்டாங்க."

ஜெம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயந்தரம் துறைமுகத்துக்கு மேலே உள்ள தோட்டத்து மூலையில் இருக்கும் மின்தூக்கிவரை கூடப் போனாள். அங்கிருந்து இறங்கினால் கப்பல்துறை. லினெட் அவளுடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள், ஒரு முறை மெல்போர்ன் வரவேண்டும் என்றாள். ஜூசா கன்னத்தில் முத்தமிடும்போது, "கப்பல் கிளம்பறப்போ மேல தோட்டத்துல வந்து நில்லு. நான் மேல்தளத்துலேருந்து பார்ப்பேன். கை காட்டு" என்றாள்.

"வேலை இருக்கு" என்றாள் ஜெம்மா.

"மன்னிச்சேன்னாவது ஒரு வார்த்தை சொல்லுடீ."

"லிஃப்ட் வந்துடுச்சு."

கதவு மூடியது. ஜெம்மா நேராகக் கோவிலுக்குப் போனாள். கப்பல் ஊதியபோது அவள் சால்வைகளைத் துவைக்கப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாடா, தொலைஞ்சாங்க" என்றான் வென்சு. அவள் அடுத்த சால்வையை உதறினாள். வெறுப்பு தீர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மாமேல் இத்தனை காலம் இருந்த வெறுப்பில் பாதி இப்போது, வாயில் விரல் வைத்துக்கொண்டு கண்மூடிக் கிடந்த ஆறு வயதுப் பெண்மேல் திரும்பிவிட்டது. அது யார் தன் தலையில் ஏற்றிவிட்டுப் போன பாரம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன?

ஜூசா அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. லினெட்தான் அவ்வப்போது படம் அனுப்புவாள்: தோட்டம், நாய், கிறிஸ்துமஸ் மேசை. "என் மால்டா தோழிக்கு" என்று எழுதியிருப்பாள். ஜெம்மா இரண்டுக்கு ஒன்றாகப் பதில் போடுவாள்.

மூன்றாம் வருஷம் ஜூசாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, ஆனால் ஆங்கிலம் அடியோடு போய்விட்டது. மால்டா மொழி மட்டும் மிச்சம். முதியோர் இல்லத்தில் யாருக்கும் அவள் பேசுவது புரியவில்லை. லினெட் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அம்மா ஏதோ கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஜெம்மா. என் முகத்தையே பார்த்துக் கேக்கறாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியலை. நீங்க கொஞ்சம் பேசி, என்ன வேணும்னு எனக்குச் சொல்ல முடியுமா?"

முடியாது என்று சொல்ல ஜெம்மாவுக்கு நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, மேசைமேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு தலையணை, அதில் நரைத்த தலை. பக்கத்தில் லினெட்.

"சாப்பிட்டியா?" என்றாள் ஜெம்மா.

கிழவியின் கண் சட்டென்று விரிந்தது. ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததில் முகமெல்லாம் ஒரு சந்தோஷம். "இவங்க குடுக்கறது கஞ்சியா, சுண்ணாம்புச் சாந்தா? நாய்கூடத் திங்காது. தக்காளி தேய்ச்சு எண்ணெய் விட்டு ஒரு துண்டு ரொட்டி குடுத்தா ஆகாதா? நீ யாரும்மா? புதுசா வந்த நர்ஸா?"

"நான் ஜெம்மா."

"நல்ல பேரு. எங்க ஊர்ப் பேரு" என்றாள் ஜூசா. "நம்ம பக்கமா நீ? பட்டணத்துல யாரைத் தெரியும் உனக்கு? எனக்கு அங்க யாருமே இல்ல, தாயீ. இந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லு. குளிர் உள்ள வருது."

"என்ன சொல்றாங்க?" லினெட் திரைக்குள் குனிந்தாள். "ஜெம்மா? கேக்குதா? என்ன சொன்னாங்க?"

"ரொட்டி கேக்கறாங்க, தக்காளி தேய்ச்சு" என்றாள் ஜெம்மா ஆங்கிலத்தில். "குளிருதாம். ஜன்னலைச் சாத்துங்க."